மூச்சும் இரத்தமும்: கிணற்றில் இறங்குமுன் ஒரு வார்த்தை

(கல்முனைக் கரையோரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்களும், மலைநாட்டுத் தோட்டங்களில் உள்ள நம் வாசகர்களும் அறிந்துகொள்ள எழுத்தில் தரப்படுகிறது.)



வேலை முடிந்து, வீட்டில் உலையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்து இருக்கிறீர்கள். அதனால் வளவளவென்று பேசப் போவதில்லை. ஆனால் இன்றைக்குச் சொல்லப் போகிற விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டு முடித்தபின் வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு வளவில் கிணறு இறைக்க ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இறைக்கும் மெசினுக்குக் கயிறு கட்டி, கிணற்றுக்குள் இறக்கப் பார்த்தார்கள். நான் அந்த வழியால் சைக்கிளில் வந்தேன். "நிப்பாட்டுங்க, இறக்க வேணாம்" என்று கத்தினேன். அங்கே நின்ற ஒரு தம்பி கேட்டார்: "என்ன சேர், கிணத்துக்குள்ளயும் காத்துத்தானே இரிக்கி? வாய் தொறந்துதானே கிடக்கு?"

நியாயமான கேள்விதான். நின்ற நிலையில் இரண்டு வார்த்தையில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. மெசினை மேலே எடுக்கச் செய்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்றைய பேச்சு அந்தத் தம்பிக்குச் சொல்கிற பதில்.

நான் டொக்டர் இல்லை. சாதாரண தரம் வரை படித்தவன். பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் படித்ததையும், பிறகு முதலுதவிப் பயிற்சிகளில் கற்றதையும், கண்ணால் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

காற்று போகும் பாதை

சும்மா இருக்கும்போது ஒரு வளர்ந்த ஆள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். பதினைந்து என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 21,600 தடவை. ஒவ்வொரு மூச்சிலும் அரை லீற்றர் அளவு காற்று உள்ளே போகிறது. அப்படியென்றால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லீற்றருக்கு மேல் காற்றை இழுத்து விடுகிறோம். மண்வெட்டி பிடிக்கும்போது, தேங்காய் உரிக்கும்போது, கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போது இது பல மடங்காகக் கூடும்.

காற்றிலே பெரும்பங்கு நைதரசன். நூற்றுக்கு 78 பங்கு. நமக்குத் தேவையான ஒட்சிசன் 21 பங்கு. வெளியே விடும் மூச்சில் ஒட்சிசன் 16 பங்காகக் குறைந்துவிடும். காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 4 பங்காகக் கூடிவிடும். அதாவது, இழுத்த ஒட்சிசனில் கால்வாசியைத்தான் எடுக்கிறோம். மிச்சம் வெளியே வருகிறது. தண்ணீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து நாம் ஊதுகிற மூச்சு உயிர் கொடுப்பது இந்த மிச்சத்தால்தான்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே பிரிமென்றகடு என்றொரு தசைத் தட்டு இருக்கிறது. அது கீழே இறங்கினால் நெஞ்சுக் கூடு விரிகிறது, காற்று உள்ளே வருகிறது. மேலே ஏறினால் காற்று வெளியே போகிறது. கொல்லன் பட்டறைத் துருத்தியும் இப்படித்தான் வேலை செய்கிறது.

மூக்கால் போகும் காற்று வாதனாளி வழியாக இறங்கி, மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து, கடைசியில் மிகச் சிறிய பைகளில் போய் முடிகிறது. சிற்றறைகள் என்று அவற்றுக்குப் பெயர். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து முப்பது கோடிக்கு மேல் உண்டு. எல்லாவற்றையும் வெட்டி விரித்தால் 70 சதுர மீற்றர் அளவுக்கு வரும். மலைநாட்டு வாசகர்களுக்குத் தெரியும், பழைய லயத்துக் காம்பரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி. அப்படி ஆறு காம்பராக்களின் தரையை மடித்து நம் நெஞ்சுக்குள் வைத்த மாதிரி.

இந்தச் சிற்றறையின் சுவர் மிக மெல்லியது. ஒரு மில்லிமீற்றரை இரண்டாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் இரத்தம். ஒட்சிசன் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும். ஆகவே அது காற்றிலிருந்து இரத்தத்துக்குள் போகிறது. காபனீரொட்சைட்டு இரத்தத்திலிருந்து காற்றுக்கு வருகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரி.

இரத்தம் நுரையீரலுக்குப் போய் வருகிறது என்பதை முதலில் எழுதி வைத்தவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. டமஸ்கஸ் பக்கத்தில் பிறந்து, கெய்ரோவில் வைத்தியராக இருந்த இப்னு அந்நபீஸ் என்பவர். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, அதனூடாகத்தான் இரத்தம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகிறது என்று கேலன் என்ற பழைய கிரேக்க வைத்தியர் சொல்லியிருந்தார். ஆயிரம் வருடத்துக்கு மேல் உலகம் அதை நம்பியது. இப்னு அந்நபீஸ் 1242ஆம் ஆண்டளவில், இப்னு ஸீனாவின் வைத்திய நூலுக்கு எழுதிய விளக்கவுரையில், அந்தச் சுவரில் துவாரம் இல்லை, இரத்தம் நுரையீரலைச் சுற்றிக் காற்றோடு கலந்துதான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டத்தைப் பற்றிய தன் நூலை வெளியிட்டது 1628இல். இப்னு அந்நபீஸின் கைப்பிரதி பேர்லின் நூலகத்தில் கிடந்ததை 1924இல் எகிப்திய வைத்தியர் ஒருவர் கண்டெடுத்த பிறகுதான் உலகத்துக்கு இந்தச் செய்தி தெரிய வந்தது.

இரத்தம் சுமக்கும் விதம்

இரத்தத்துக்கு வந்த ஒட்சிசன் எப்படிப் பயணம் போகிறது? தண்ணீரில் சீனி கரைவது போலக் கரைந்து போகிறது என்று நினைப்போம். அப்படிக் கரைவது மிகக் கொஞ்சம். நம் உடம்பில் இருக்கும் ஐந்து லீற்றர் இரத்தத்திலும் சேர்த்து 15 மில்லிலீற்றர் ஒட்சிசன்தான் கரையும். சும்மா இருப்பதற்கே நிமிடத்துக்கு 250 மில்லிலீற்றர் தேவை. கரைந்ததை மட்டும் நம்பினால் ஒரு நிமிடம் கூடத் தாங்காது.

அதற்காகத்தான் செங்குழியங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செங்குழியத்துக்குள்ளும் ஈமோகுளோபின் என்ற பொருள் நிறைந்திருக்கிறது. ஒரு செங்குழியத்தில் ஏறக்குறைய 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஒவ்வொரு இரும்பு அணுவும் ஓர் ஒட்சிசனைப் பிடிக்கும். நாலு சீற்று உள்ள ஒரு வாகனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாகனம் இருப்பதால் ஐந்து லீற்றர் இரத்தம் ஆயிரம் மில்லிலீற்றர் அளவு ஒட்சிசனைச் சுமக்கிறது. இரத்தம் சிவப்பாக இருப்பதும் இந்த இரும்புள்ள ஈமோகுளோபினால்தான்.

இந்த வாகனத்துக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. நுரையீரலில் ஒட்சிசன் நிறைய இருக்கும் இடத்தில் ஏற்றிக்கொள்ளும். வேலை செய்து களைத்த தசைக்குப் போனால் அங்கே சூடு கூட, அமிலம் கூட, காபனீரொட்சைட்டும் கூட. அப்படிப்பட்ட இடத்தில் ஈமோகுளோபின் பிடியைத் தளர்த்தி, ஒட்சிசனைத் தாராளமாக இறக்கிவிடும். டென்மார்க் விஞ்ஞானி கிறிஸ்டியன் போர் 1904இல் இதைக் கண்டு எழுதினார். எங்கே பாடு அதிகமோ அங்கே கூடுதலாகப் பங்கு கிடைக்கிறது. மண்வெட்டி பிடிக்கிற கைக்குத் தனியாகக் கட்டளை போட வேண்டியதில்லை.

திரும்பி வரும் வழியில் காபனீரொட்சைட்டை இரத்தம் மூன்று விதமாகக் கொண்டுவருகிறது. நூற்றுக்கு எழுபது பங்கு அளவு தண்ணீரோடு சேர்ந்து இருகாபனேற்று என்ற உப்பாக மாறி வருகிறது. அப்பச்சோடாவில் இருப்பதும் இந்த இருகாபனேற்றுத்தான். இருபது பங்குக்கு மேல் ஈமோகுளோபினோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மிச்சம் கரைந்து வருகிறது. நுரையீரலுக்கு வந்ததும் எல்லாம் மறுபடி வாயுவாகி வெளியே போகிறது. சோடாப் போத்தலைத் திறந்ததும் நுரைத்து வருவதும் இதே வாயுதான்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டுகிறதே, அது ஒட்சிசன் குறைந்ததால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியல்ல. காபனீரொட்சைட்டு கூடியதை மூளை அறிந்து, "மூச்சு விடு" என்று துரத்துகிறது. ஒட்சிசன் மட்டும் குறைந்து, காபனீரொட்சைட்டு கூடாமல் இருந்தால் நெஞ்சு முட்டாது, பயம் வராது. தலை கொஞ்சம் லேசாகும், கால் தளரும், ஆள் விழுந்துவிடுவார். கிணற்றுக்குள் நடப்பதை விளங்கிக்கொள்ள இது தேவைப்படும்.

இரும்பு குறைந்தால்

கிணற்றுக்குப் போகுமுன் நமது தாய்மாருக்கு ஒரு வார்த்தை.

ஈமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும் என்று சொன்னேன். இரும்பு குறைந்தால் வாகனத்தின் எண்ணிக்கை குறைகிறது. காற்று எவ்வளவு இருந்தும் என்ன, ஏற்றிப் போக ஆள் இல்லை. இதைத்தான் இரத்தச்சோகை என்கிறோம். சாதாரணமாக நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராம் ஈமோகுளோபின் இருக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்க்கு 11 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஏறி நடக்க மூச்சு வாங்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். "வேலைக் களைப்பு" என்று நாம் விட்டுவிடுகிறோம். "சோம்பேறி" என்று சில ஆண்கள் திட்டுவதையும் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் இரத்தத்தில் நாலு வாகனம் ஓட வேண்டிய இடத்தில் இரண்டு ஓடுகிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மலைநாட்டில் இது இன்னும் சிரமம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கல்முனைக் கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்கு அளவுதான். சுகமான உடம்பு கூடுதலாகச் செங்குழியம் உண்டாக்கிச் சரிக்கட்டிவிடும். இரும்பு இல்லாத உடம்பு எதைக் கொண்டு உண்டாக்கும்?

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. கிளினிக்கில் தருகிற இரும்புச் சத்துக் குளிசையை வீட்டில் போட்டு வைக்காமல் விழுங்குங்கள். அதைத் தேயிலைச் சாயத்தோடு விழுங்க வேண்டாம். சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாமல் தடுக்கிறது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விடுங்கள். அந்தப் புளி இரும்பு ஊற உதவும். நெத்தலி, ஈரல், பயறு சேர்த்துக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடந்தால் கொளுக்கிப் புழு காலால் ஏறிக் குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். ஆகவே செருப்புப் போடுங்கள்; பூச்சி மருந்து எடுங்கள். ஒரு விஷயம்: இரத்தம் குறைந்த எல்லோருக்கும் இரும்பு மருந்து சரிவராது. தலசீமியா போன்ற பரம்பரை வியாதியிலும் இரத்தம் குறையும். சோதித்துப் பார்த்து வைத்தியர் சொல்வதைச் செய்ய வேண்டும்.

2005இல் நான் கண்டது

இனி அந்தத் தம்பியின் கேள்வி.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரை முழுக்க வளவுக் கிணறுகளில் கடல் தண்ணீரும் சேறும் புகுந்தன. அடுத்த வருடம் முழுக்க ஊரெல்லாம் கிணறு இறைக்கிற வேலைதான். அப்போது எனக்கு இருபது வயதைத் தாண்டியிருந்தது. என்னுடைய மூத்த காக்கா முறையான ஒருவர், பெரியம்மாவின் மகன், ஒரு வளவில் கிணறு இறைக்கப் போனார். கயிறு பிடிக்க என்னையும் கூப்பிட்டார்.

இரவலாக எடுத்த பெற்றோல் மெசின். அதன் குழாய் கட்டையாக இருந்தது. தண்ணீர் வரை எட்டவில்லை. ஆகவே கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் பலகை போட்டு, அதன்மேல் மெசினை வைத்து ஸ்டார்ட் பண்ணினார்கள். அரை மணித்தியாலம் நன்றாக இறைத்தது. பிறகு மெசின் நின்றுவிட்டது. காக்கா இறங்கினார். இறங்கும்போது பேசிக்கொண்டுதான் இறங்கினார். பலகையில் உட்கார்ந்தவர் மெசினில் கை வைத்தார், தலையைச் சுவரில் சாய்த்தார், அப்படியே சரிந்து தண்ணீருக்குள் போய்விட்டார். ஒரு சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் "வழுக்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டு உடனே இறங்கினார். அவரும் பாதியில் கையை விட்டார்.

மூன்றாவதாக நான் கிணற்றுக் கட்டில் கால் வைத்துவிட்டேன். ஒரு வயதான மனுசன் என் சாரனைப் பிடித்து இழுத்து, மணலில் தள்ளி, என் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் அவரை ஏசினேன், அடித்தேன். அவர் எழும்பவில்லை. பிறகு ஆட்கள் வந்து கொழுக்கி போட்டு இருவரையும் எடுத்தார்கள். இருவரும் மௌத்து.

அன்றைக்கு இல்லாமல் போனது பத்தடிக் குழாய். சுனாமிக்குத் தப்பிய இரண்டு பேர் பத்தடிக் குழாய் இல்லாமல் போனார்கள். கயிறு என் கையில்தான் இருந்தது. அதைக் காக்காவின் இடுப்பில் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

மெசின் புகையில் என்ன இருக்கிறது?

எரிபொருள் முழுக்க எரிந்தால் காபனீரொட்சைட்டு வரும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்தால் காபனோரொட்சைட்டு வரும். பெற்றோல் மெசின், மண்ணெண்ணெய் மெசின், ஜெனரேட்டர், விறகு, சிரட்டைக் கரி, பீடி, சிகரட் எல்லாவற்றிலும் இது உண்டு. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. புகை நாறுகிறதே என்று கேட்கலாம். நாறுவது மற்ற அழுக்குகள். அவை கலைந்து போன பிறகும் இது நிற்கும்.

இந்த வாயுவும் ஈமோகுளோபினின் இரும்பில்தான் போய் ஒட்டுகிறது. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். நாலு சீற்று வாகனத்தில் வேண்டாத ஆள் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்க மாட்டேன் என்கிறான். கணக்குப் பாருங்கள். காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 21 பங்கு. இருநூறு மடங்கு இறுக்கம் உள்ள வாயு ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். நேரம் கொடுத்தால் இரத்தத்தின் பாதியைப் பிடித்துவிடும். மெசின் புகையில் இது ஆயிரத்தில் ஒன்றைவிடப் பல மடங்கு அதிகம்.

இரத்தச்சோகையில் பாதி ஈமோகுளோபின் இல்லாமல் போனவர் களைத்துக்கொண்டாவது நடந்து திரிகிறாரே, இதில் மட்டும் ஏன் விழுகிறார் என்று கேட்கலாம். காபனோரொட்சைட்டு ஒரு சீற்றில் ஏறினால், மற்றச் சீற்றுகளில் உள்ள ஒட்சிசனையும் ஈமோகுளோபின் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்கு இறக்காது. வாகனம் வீட்டு வாசலுக்கு வந்தும் கதவு திறக்காத மாதிரி. ஆகவே பாதி போனாலே உடம்பு முழுக்கப் பட்டினி.

நான் முன்னே சொன்னதை இங்கே சேர்த்துப் பாருங்கள். உடம்பு தன் காபனீரொட்சைட்டை வழமை போல வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் நெஞ்சு முட்டுவதில்லை. மூளை அபாயம் சொல்வதில்லை. காக்கா சத்தம் போடாமல் சரிந்ததற்குக் காரணம் இதுதான்.

கிணற்றின் வாய் திறந்திருக்கிறதே என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். காபனோரொட்சைட்டின் நிறை ஏறக்குறைய காற்றின் நிறையேதான். அது தானாக எழும்பி வெளியே ஓடாது. கிணற்றுக்குள் காற்று வீசாது. மெசின் நின்ற பிறகும் அது அங்கேயே கலந்து நிற்கும்.

"விளக்கை இறக்கிப் பார்த்தோம், எரிந்தது, அதனால் இறங்கினோம்" என்று சொல்பவர்களும் உண்டு. விளக்கு அணைவது ஒட்சிசன் மிகவும் குறைந்தால். விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது, அது சரி. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு இருந்தும் விளக்கு எரியும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இதற்காகவே சிறிய கூண்டில் கனேரிக் குருவி கொண்டுபோனார்கள். ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற விஞ்ஞானி சொல்லிக்கொடுத்த வழி. குருவி மிக வேகமாக மூச்சு விடுவதால் மனிதனுக்கு முன் அது விழும். உடனே ஆட்கள் வெளியேறுவார்கள். 1986 வரை அங்கே அந்தப் பழக்கம் இருந்தது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. 2020 நவம்பரில் அக்கரைப்பற்றுச் சந்தையை வைத்துக் கொரோனா பரவியபோது, விரலில் மாட்டும் சிறிய கருவியை நம்மில் பலர் முதன்முதலாகக் கண்டோம். ஜப்பான்காரர் டக்குவோ அஒயாகி 1970களில் கண்டுபிடித்த முறை அது. இரத்தத்தின் சிவப்பைப் பார்த்து ஒட்சிசன் எவ்வளவு என்று சொல்லும். 2021 ஆகஸ்டில் நாட்டில் ஒட்சிசன் தட்டுப்பட்டு இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததும் நினைவிருக்கும். அந்த விரல் கருவி காபனோரொட்சைட்டு விஷயத்தில் பொய் சொல்லும். அந்த வாயு ஏறிய இரத்தமும் நல்ல சிவப்பாகவே இருக்கும். கருவி 98, 99 என்று காட்டும். ஆகவே மெசின் புகையில் மயங்கியவரைக் கொண்டுபோனால், "மெசின் புகை குடித்தவர்" என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்குத் தனி இரத்தச் சோதனை உண்டு. சாதாரணக் காற்றில் அந்த வாயு இரத்தத்தில் பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். முகமூடி போட்டுச் சுத்தமான ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் குறையும். எழுந்து உட்கார்ந்துவிட்டார், இனி வைத்தியசாலை வேண்டாம் என்று வீட்டில் வைக்காதீர்கள்.

காப்பாற்றப் போனவர்கள்

2018 ஏப்ரலில் ஹொரணைப் பக்கம் ஓர் இறப்பர்த் தொழிற்சாலையின் தாங்கிக்குள் ஒருவர் விழுந்தார். அவரை எடுக்க இறங்கியவர்களும் சேர்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அங்கே இருந்தது வேறு வாயு. ஆனால் நடந்த விதம் ஒன்றுதான். முதல் ஆள் தெரியாமல் போகிறார். அடுத்தவர்கள் நல்ல மனதால் போகிறார்கள். நம் ஆட்களிடம் அந்த நல்ல மனது நிறைய உண்டு. அதனால்தான் எனக்குப் பயம்.

ஆகவே இவற்றை மனதில் வையுங்கள்.

ஒன்று: எந்த மெசினையும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். மெசின் மேலே இருக்கட்டும், குழாய் கீழே போகட்டும். புகைக் குழல் கிணற்றுப் பக்கம் பார்க்கக் கூடாது. காற்று வீசும் திசைக்கு வையுங்கள். மேலே வைத்த மெசின் இருபது, இருபத்தைந்து அடிக்குக் கீழே இருந்து தண்ணீரை உறிஞ்சாது. அதைவிட ஆழமென்றால் தண்ணீருக்குள் இறக்கும் மின்சார மோட்டரைப் பிடியுங்கள். அல்லது வாளியால் இறையுங்கள்.

இரண்டு: கிணறு துப்புரவாக்க இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டி இறங்க வேண்டும். மேலே இரண்டு பேர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிற்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் உடனே இழுக்க வேண்டும்.

மூன்று: மலக்குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம். அங்கே அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உண்டு. கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றது நல்லது என்று நினைக்க வேண்டாம். விளக்கும் கொண்டுபோக வேண்டாம். தீப்பிடிக்கும் வாயுவும் அங்கே இருக்கும்.

நான்கு: ஒருவர் உள்ளே விழுந்தால் நீங்கள் இறங்க வேண்டாம். மெசினை நிறுத்துங்கள். கூப்பாடு போட்டு ஆள் சேருங்கள். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை. கயிறு, கொழுக்கியால் எடுங்கள். எடுத்தவரைக் காற்றோட்டத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவே இரண்டு கையாலும் நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்துங்கள். உதவி வரும்வரை விட வேண்டாம்.

ஐந்து: 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வாங்கினோம். அதை வீட்டுக்குள்ளோ, விறாந்தையிலோ, ஜன்னலுக்குக் கீழோ ஓட விட வேண்டாம்.

ஆறு: மலைநாட்டுச் சகோதரர்களே, குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். புகை வரவில்லை என்று நம்ப வேண்டாம். புகை தெரியாத தணல்தான் கூடுதல் ஆபத்து. அடுப்படிக்குப் புகைக்கூண்டு வேண்டும். ஜன்னல் இல்லாத குசினியில் விறகு எரிக்கிற தாய்க்குத் தினமும் தலையிடி என்றால், பனடோல் கொடுக்குமுன் ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

இவ்வளவுதான். அந்தத் தம்பி இங்கே முன்வரிசையில் இருக்கிறார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சும் இல்லை. கேட்டது நல்லது தம்பி.

என் சாரனைப் பிடித்து இழுத்த அந்த மனுசனும் இப்போது இல்லை. பிறகு ஒருநாள் அவரிடம் போய், அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீ இறங்கியிருந்தா உன்ட உம்மாட்ட நான் என்னத்த சொல்றது மனே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நலன்புரி நிலையத்தில் முப்பதடி உறிஞ்சு குழாய் ஒன்றும், நல்ல கயிறு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். கிணறு இறைக்கிற எந்த வீட்டாரும் வந்து கேட்கலாம். காசு தர வேண்டாம். கொப்பியில் பெயரை எழுதிவிட்டு எடுத்துப் போங்கள்; வேலை முடிந்ததும் கழுவிக் கொண்டுவந்து தாருங்கள்.